ஸ்டிக்கர் காந்திமதியும் யார்டில் கிடந்த முட்டையும்

வடக்குப்பட்டு காந்திமதியைப் பற்றிச் சொல்வதென்றால் ஸ்டிக்கரில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு அடிச்சட்டம் செய்கிற ஒரு கம்பெனியின் மெயின் கேட்டில் அவள் பன்னிரண்டு வருஷமாக செக்யூரிட்டி. கம்பெனிக்குள் யாரும் போட்டோ எடுக்கக் கூடாது. அதனால் உள்ளே போகிற ஒவ்வொரு போனின் கேமராக் கண்ணிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவது அவள் வேலை. வெளியே வரும்போது அது உரிபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவள் வேலை. நடுவில் உரித்து ஒட்டினால் ஸ்டிக்கரில் வெள்ளை வெள்ளையாக எழுத்துத் தெரிந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஷிப்டுக்கு எழுநூறு பேர். முன்பெல்லாம் போனுக்கு முன்னால் ஒரு கண், பின்னால் ஒரு கண். இப்போது பின்னால் மட்டும் மூன்று, நான்கு. போன் செய்கிறவன் கண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறான், இவளுக்குக் கட்டைவிரல் ரேகை தேய்ந்துகொண்டே போகிறது.

அவளிடம் சலுகை என்ற பேச்சே கிடையாது. ஒருமுறை கம்பெனி முதலாளியே வந்தார். காரை விட்டு இறங்கியவரிடம் "சார், போன்" என்று கையை நீட்டினாள். செக்யூரிட்டி ஆபீசர் கண்ணப்பன் ஓடி வருவதற்குள் முதலாளியின் போனில் மூன்று சிவப்புப் பொட்டு விழுந்துவிட்டது. முதலாளி சிரித்துக்கொண்டே உள்ளே போனார். கண்ணப்பனுக்குத்தான் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. தினமும் காலை ஆறு மணிக்கு அவள் ஒட்டுகிற முதல் ஸ்டிக்கர் அவளுடைய சொந்த போனுக்குத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

இத்தனை பேர் கண்ணைக் கட்டுகிறவளுக்குச் சொந்தக் கண் மட்டும் சும்மா இருப்பதில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து கேட்டைத் தாண்டியதும் முதல் வேலையாகத் தன் போனின் ஸ்டிக்கரைக் கிழித்து எறிவாள். அதற்கப்புறம் வீடு போய்ச் சேருகிறவரை விசித்திரமாக எது கண்ணில் பட்டாலும் போட்டோதான். அழைத்துப்போக வருகிற புருஷன் பலராமன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். "நிறுத்து, நிறுத்து" என்று அவள் கத்தினால் பிரேக்கை மிதித்துவிட்டு, வண்டியில் இருக்கிற மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்பதே அவருக்கு வாடிக்கையாகிவிட்டது.

அப்படி எடுத்தது எத்தனையோ. பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குள் ஓர் எருமை காலை மடக்கிப் படுத்திருக்க, ஆறு ஆண்பிள்ளைகள் வெளியே வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். சிக்னல் கம்பத்தில் ஒரு காக்கைக்கூடு, ஒரு குச்சி கிடையாது, முழுக்க வெல்டிங் கம்பி. வல்லக்கோட்டைக் கிருத்திகைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஏழு பேர் முலாம்பழக் கடையில் குனிந்து பழம் பொறுக்குகிறார்கள். அதில் எது தலை, எது பழம் என்று அவளுக்கே இரண்டு முறை பார்த்தால்தான் தெரியும். ஒரு பப்பாளிக்குக் கண்ணப்பன் சாரின் மீசையே இருந்தது. அதை மட்டும் அவள் யாருக்கும் அனுப்பவில்லை என்று சொல்கிறாள், நான் நம்பவில்லை.

எல்லாவற்றையும் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவாள். கேட்டில் கடந்துபோகிற பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு வந்து "எங்க புட்ச அக்கா இத?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் அவள் வாழ்ந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

போன வருஷத்தில் இருந்து அந்தக் கேள்வி மாறிவிட்டது. "AIயா அக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆரம்பித்து வைத்தவன் இசக்கியப்பன். சங்கரன்கோவில் பக்கத்தில் இருந்து வந்து, இங்கே பக்கத்திலேயே பண்ருட்டி கூட்டுரோட்டில் ரூம் எடுத்துத் தங்கி, வெல்டிங் லைனில் வேலை பார்க்கிறவன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் புது யூனிபார்மில் ரோபோ பக்கத்தில் நின்று ஒரே ஒரு போட்டோ எடுத்து அம்மா பேச்சிக்கு அனுப்ப வேண்டும் என்று காந்திமதியிடம் கெஞ்சினான். "ஒரு செகண்டு உரிச்சிட்டு ஒட்டிருதேன் யக்கா" என்றான். "உரிச்சா ஊட்டுக்குத்தான்" என்றாள் இவள். அந்தக் காயத்தை அவன் இன்னும் ஆறவிடவில்லை. எருமைப் படத்தைப் பார்த்துவிட்டு, கேட்டில் ஐம்பது பேர் கேட்க, "என்ன யக்கா, மிஷின்ட்ட சொல்லிச் செஞ்சதா? எருமைக்கு எத்தன காலு இருக்குன்னு எண்ணிப் பாத்தியளா?" என்றான். அன்றிலிருந்து அவளுக்கு 'AI அக்கா' என்று பேர்.

அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பொய் சொல்லாதவளைப் பொய்க்காரி என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதிலும் கொடுமை, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த பலராமன் போனைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏமே, அந்த எருமை நெஜமாவே உள்ள படுத்துகினு இருந்துச்சா?"

"யோவ், நீதானே ஆட்டோல குந்திகினு பாத்த!"

"பாத்தேன்தான். இருந்தாலும் எல்லாரும் சொல்றாங்களேன்னு கேட்டேன்" என்றார் அவர்.

அன்று அவள் ரசம் ஊற்றவில்லை.

இந்த நிலைமையில்தான் சித்திரை மாதம் அந்த முட்டைகள் வந்து சேர்ந்தன. கம்பெனிக்குப் பின்னால் ஜல்லி கொட்டிய லாரி யார்டு. அதில் நாலாம் நம்பர் இடத்தில் ஒரு வாரமாக லாரி எதுவும் நிற்கவில்லை. ரவுண்ட்ஸ் போன காந்திமதியின் தலைக்கு மேல் ஓர் ஆட்காட்டி வீல் வீலென்று கத்திக்கொண்டு சுற்றியது. மஞ்சள் காலும், கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோலும் கொண்ட பறவை. ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டிவிடும். "நீயும் செக்யூரிட்டியா?" என்று கேட்டுவிட்டு அவள் கீழே பார்த்தாள். ஜல்லிக்கு நடுவே, ஜல்லி நிறத்திலேயே, புள்ளி புள்ளியாக நாலு முட்டை. இன்னொரு அடி வைத்திருந்தால் மிதித்திருப்பாள். உடனே நாலு ஆரஞ்சு கோனைக் கொண்டுவந்து சுற்றி வைத்தாள்.

மறுநாள் கண்ணப்பன் வந்தார். பட்டாளத்தில் இருந்தவர், ஷூவில் முகம் பார்க்கலாம். நாலாம் நம்பரில் கன்டெய்னர் நிற்க வேண்டும், கோனை எடு என்றார்.

"முட்டை கீது சார்."

"எங்க?"

"உங்க ஷூவாண்ட."

அவர் திடுக்கிட்டுத் துள்ளியதில் முட்டைக்கு விரல்கடை தூரத்தில் ஷூ இறங்கியது. அதே நேரம் பறவை மேலே இருந்து பாய்ந்து அவர் தொப்பியைத் தட்டிவிட்டது. கண்ணப்பன் தொப்பியைக்கூட எடுக்காமல் கேபின்வரை ஓடிவிட்டார். ஓடிய மானக்கேடு கோபமாகத் திரும்பியது. "முட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஜல்லியக் காட்டி முட்டைங்கற. உன் போட்டோ கதையெல்லாம் எனக்கும் தெரியும். நீ AI அக்காதானே!" என்று, லாரி டிரைவர்கள் பார்க்கும்படி சொல்லிவிட்டார்.

காந்திமதிக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. நேராகக் கேபினுக்குப் போய் அப்நார்மாலிட்டி ரிஜிஸ்டரை எடுத்தாள். ஒழுங்குக்கு மாறாக எதைப் பார்த்தாலும், எண்ணெய் ஒழுகினாலும், கம்பி துருத்தினாலும், பார்த்தவர் அதில் எழுத வேண்டும். எழுதிவிட்டால் சரிசெய்ததாகப் போட்டோ ஒட்டி மூன்று பேர் கையெழுத்துப் போடும்வரை அந்த இடத்தை யாரும் தொடக் கூடாது. ஆடிட் வருகிறவன் முதலில் புரட்டுவது அந்த நோட்டைத்தான். அதில் நூற்றுப் பதினேழாம் எண்ணில், குண்டு குண்டு எழுத்தில், "யார்டு நாலாம் நம்பரில் நாலு முட்டை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

கண்ணப்பன் பார்த்தார். எழுதியதை அடிக்கவும் முடியாது, தாளைக் கிழிக்கவும் முடியாது, பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்ட நோட்டு. "சரி. போட்டோவில நாலு முட்டை தெரியணும். தெரியலைன்னா பொய் ரிப்போர்ட்டுன்னு உன் செக்யூரிட்டி ஏஜென்சிக்கு எழுதுவேன். மறைமலை நகர் குடோனுக்குப் போய்க் காலி ரூமுக்குக் காவல் இரு" என்றார்.

போட்டோ எடுத்து ஒட்டினால்தான் எழுதியது முடியும். கம்பெனிக்குள் போட்டோ எடுக்கக் கூடாது. சேஃப்டி டிபார்ட்மென்ட் கேமராவுக்கு சார்ஜர் தொலைந்து ஒரு வருஷம். இப்படி ஒரு முடிச்சைப் போட்டுக்கொள்ள இந்தக் கம்பெனிக்காரர்களால்தான் முடியும்.

எச்.ஆரில் இருக்கிற ஜாஸ்மின் நல்ல பெண். கேமரா அனுமதிப் படிவம் என்று ஒன்று இருக்கிறது, சொந்த போனிலேயே எடுக்கலாம், மூன்று கையெழுத்து வேண்டும் என்று தேடிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் காந்திமதி "முட்டை" என்று எழுதினாள். அவள் எழுதியதில் தப்பில்லை. ஆனால் அது மேலே போன இடத்தில் யாரோ கேன்டீன் கமிட்டிக்குத் தள்ளிவிட, அங்கே ஒன்பது நாள் கிடந்தது. கேன்டீன்காரர் நேரில் வந்து, "யம்மா, என் முட்டைல எந்தக் கொறையும் இல்லம்மா, வேணும்னா ஒடைச்சிக் காட்டறேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். படிவம் திரும்பி வந்தபோது சேஃப்டி ஆபீசர் லீவு. அவர் வந்தபோது பிளாண்ட் ஹெட் புனே போய்விட்டார்.

படிவம் ஊர் சுற்றிக்கொண்டிருக்க, பறவை இருந்த இடத்திலேயே இருந்தது. அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்து ஜல்லி கொதித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, லைன் ஓடாத நாள், காந்திமதி ஒரு காட்சியைப் பார்த்தாள். ஆபீஸ் ஏ.சி.யில் இருந்து சொட்டி நின்ற தண்ணீரில் ஆட்காட்டி போய்க் குந்தி, வயிற்று இறகை நன்றாக நனைத்துக்கொண்டு, விடுவிடென்று நடந்து வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. முட்டைக்குக் குளிர்ச்சி. கொஞ்ச நேரத்தில் ஜோடிப் பறவையும் அதே மாதிரி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து ஆள் மாற்றியது. ஆபீஸ்காரர்களுக்காகப் போட்ட ஏ.சி. முட்டைக்கு வேலை பார்க்கிறது!

அவள் கை தானாகப் பைக்குள் போய்விட்டது. பன்னிரண்டு வருஷத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஸ்டிக்கரின் ஓரத்தில் நகமும் வைத்தாயிற்று. சுற்றிலும் ஆளில்லை, வெளியே போகும்போது அவள் போனைச் சோதிக்க வேண்டியவளும் அவளேதான். உரித்திருந்தால் ஒரு பயலுக்கும் தெரியாது. அப்போதுதான் ரோபோ பக்கத்தில் நிற்கக் கெஞ்சிய இசக்கியப்பனின் முகம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. "அவனுக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?" என்று வாய்விட்டுச் சொல்லி, போனைப் பைக்குள் திணித்தாள். அன்று வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள். பலராமனிடம் வெங்காயம் என்றாள். வெங்காயம் தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது அவருக்கும் தெரியும்.

இசக்கியப்பன் மட்டும் ஓயவில்லை. தினமும் ஸ்டிக்கருக்குப் போனை நீட்டும்போது, "யக்கா, முட்டை பொரிச்சிட்டா? இல்ல மிஷினு இன்னும் யோசிச்சிக்கிட்டு இருக்கா?" என்பான். அவள் ஸ்டிக்கரை ஒரு குத்துக் குத்தி ஒட்டுவாள்.

இருபத்தேழாம் நாள் அனுமதி வந்தது. புதன்கிழமை காலை பத்து மணி முதல் பத்துப் பத்துவரை, ஒரே ஒரு போட்டோ. கண்ணப்பன், ஜாஸ்மின், புனேயில் இருந்து வந்த பிளாண்ட் ஹெட் மூன்று பேரும் யார்டுக்கு வந்தார்கள். டீ பிரேக் என்பதால் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் பாதி வெல்டிங் லைன் கையில் கிளாஸோடு நின்றது. இசக்கியப்பன் முன்வரிசையில் இருந்தான். ஜாஸ்மின் கையால் காந்திமதி போனின் ஸ்டிக்கர் உரிக்கப்பட்டது.

காந்திமதி கோனுக்குள் எட்டிப் பார்த்தாள். வெறும் குழி. முட்டையைக் காணோம்.

காலையில் ஷிப்டுக்கு வந்தபோதுகூடப் பறவை உட்கார்ந்திருந்ததே! "ஆக, முட்டை இல்ல" என்றார் கண்ணப்பன், நிதானமாக. மறைமலை நகருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு உறைக்கவில்லை. இத்தனை பேர் முன்னால் பொய்க்காரி ஆகப்போகிறோமே என்பதுதான் உறைத்தது.

ஆனால் ஆட்காட்டிகள் இரண்டும் தலைக்கு மேல் கத்திக்கொண்டே இருந்தன. ஒன்றும் இல்லாத இடத்துக்கு எதற்கு இந்தக் கத்தல்? வேடிக்கை பார்த்தே பழகிய கண் அவளுடையது. மறுபடியும் ஜல்லியைப் பார்த்தாள். ஒரு கல் கண் சிமிட்டியது.

"யாரும் காலை அசைக்காதீங்க!"

கண்ணப்பன் திரும்பிப் போவதற்காக வலது காலைத் தூக்கியிருந்தார். "சார், தூக்கின காலு தூக்கினபடியே இருக்கட்டும்!" அவள் போட்ட சத்தத்தில் பட்டாளத்துக்காரர் ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டார். மற்ற இருவரையும் வந்த வழியே பின்னால் போகச் சொல்லிவிட்டு, காந்திமதி குந்தி உட்கார்ந்து, மூச்சை அடக்கி ஒரே ஒரு போட்டோ எடுத்தாள். பிறகு, "சார், கீழ பாக்காதீங்க. என் மூஞ்சியப் பாத்துகினே காலை என் பக்கமா நீட்டி வைங்க" என்று அவரைக் குழந்தையை நடத்துகிற மாதிரி வெளியே நடத்திக்கொண்டு வந்தாள்.

போன் கை மாறியது. பிளாண்ட் ஹெட் பார்த்தார். ஜாஸ்மின் பார்த்தாள். படம் முழுக்க ஜல்லி, ஓரத்தில் பளபளவென்று ஒற்றை ஷூ.

"ஜல்லிய எடுத்து வெச்சிருக்க. இதுக்கா இருபத்தேழு நாளு?" என்றார் கண்ணப்பன்.

"குஞ்சு பொரிச்சிருச்சி சார். பொரிச்சதும் குழிய வுட்டு எறங்கிடும்போல. அதுலதான் கீது, நல்லா பாருங்க" என்றாள் அவள்.

போன் மஞ்சள் கோட்டுக்குப் போனது. இசக்கியப்பன் வாங்கினான், சிரிக்கத் தயாராக வாயையும் திறந்தான். விரலால் படத்தைப் பெரிதாக்கி, நகர்த்தி, இன்னும் பெரிதாக்கினான். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"ஏ... கண்ணு! இந்தக் கல்லுக்குக் கண்ணு இருக்குல்லா!"

அவ்வளவுதான், பத்துத் தலை போன்மேல் கவிழ்ந்தது. "இன்னொண்ணு இங்க கீது." "மூணு! மூணு!" ஒவ்வொரு குஞ்சும் ஜல்லியோடு ஜல்லியாகப் பதுங்கி, கண்ணை மட்டும் திறந்துவைத்துக்கொண்டிருந்தது. பிளாண்ட் ஹெட் படத்தைத் திருப்பி வாங்கி, அவரும் கண்டுபிடித்துச் சின்னப் பிள்ளைபோலக் கையைத் தட்டினார்.

"AI இல்லியா தம்பி?" என்றாள் காந்திமதி.

இசக்கியப்பன் தலையைச் சொறிந்தான். "இல்ல யக்கா. மிஷின்ட்ட கேட்டா குஞ்ச நட்டநடுவுல பளிச்சுன்னு வச்சிக் குடுத்திரும். இப்படி ஒரு எழவும் தெரியாம எடுக்கதுக்கு மனுசியாலதான் முடியும்."

அவள் வாழ்க்கையில் கேட்ட பாராட்டுகளிலேயே பெரியது அதுதான். நான் கேலிக்குச் சொல்லவில்லை, அவளே சொன்னது.

கேபினில் படத்தை அச்சடித்து ரிஜிஸ்டரில் ஒட்டினார்கள். ஜாஸ்மின் எண்ணிப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "அக்கா, முட்டை குஞ்சானது ஓகே. நாலுன்னு எழுதியிருக்கீங்க. படத்துல மூணுதான் இருக்கு. நம்பர் ஒத்துவரலைன்னா ஆடிட்ல கேப்பாங்களே?"

"நாலாவது இருந்துச்சி மேடம். சார் தூக்கின காலுக்குக் கீழ" என்றாள் காந்திமதி. "அன்னிக்கு ஷூவாண்டன்னு சொன்னதுக்கே சார் துள்ளிட்டாரு. அதான் இன்னிக்கு அதப் பத்தி வாயே தொறக்கல. அத எடுக்கத் திரும்புனா மூணும் வுட்டுப்பூடும். ஒரு போட்டோதானே குடுத்தீங்க."

கண்ணப்பன் தன் வலது ஷூவைப் பார்த்தார். அதைக் கொஞ்சம் தூக்கி அடிப்பக்கத்தையும் பார்த்தார். பிறகு ஜாஸ்மின் கையில் இருந்த பேனாவை வாங்கி, படத்துக்குக் கீழே "குஞ்சுகள் நான்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், நீங்க நாலாவதப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் ஜாஸ்மின்.

"நான் பாக்கல. காந்திமதி பாத்திருக்கா, போதும்."

கம்பெனிக்குள் எடுத்த படம் கம்பெனிக்குத்தான் சொந்தம் என்பதால் ஜாஸ்மின் அதைக் காந்திமதியின் போனிலிருந்து அழித்தாள். காந்திமதி எடுத்ததிலேயே நல்ல படம் ஸ்டேட்டஸில் வரவே இல்லை. பத்துப் பத்து தாண்டிவிட்டது, அவள் டிராயரில் இருந்து புது ஸ்டிக்கர் எடுத்துத் தன் போனில் ஒட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனாள். மறுநாள் காலை இசக்கியப்பன் போனை நீட்டியபோது அவன் கையில் கேமரா அனுமதிப் படிவம் ஒன்றைத் திணித்தாள். "காரணம்னு போட்ட எடத்துல அம்மான்னு மட்டும் எழுதாத, வேற எங்கனா போய்டும். ரோபோன்னும் சேத்து எழுது" என்றாள்.

நாலாம் நம்பரில் இப்போது லாரி நிற்கிறது. கண்ணப்பன் யார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது ஒவ்வோர் அடிக்கும் கீழே பார்த்துத்தான் காலை வைக்கிறார்.